ஒற்றை யானையும் 'ஆட்' என்ற சொல்லும்

நீலகிரியின் கூடலூர்ப் பக்கத்தில், கூட்டமாகப் போகும் யானைகளுக்கு வழிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பவர்கள்கூட, ஒற்றை யானை நிற்கிறது என்று கேள்விப்பட்டால் அந்தப் பாதையையே தவிர்த்துவிடுவார்கள். துணையின்றி நிற்பது எப்போது என்ன செய்யும் என்று கணிக்க முடியாது என்பதே அந்த அச்சத்துக்குக் காரணம். ஆங்கிலத்தின் 'ஆட்' (odd) என்ற சொல் விசித்திரம் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்த வழியும் ஏறத்தாழ இதுதான்.

வட ஐரோப்பாவில் ஒருகாலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச்சொல் முனையையும் முக்கோணத்தையும் குறித்தது. இரு மூலைகள் இணையாக அமைய மூன்றாவது தனித்து நிற்பதால், இரண்டாகப் பகுபடாத எண்ணுக்கும் அதுவே பெயரானது. இரு தரப்பும் சமமாக நிற்கும்போது முடிவை நிர்ணயிக்கும் வாக்கை அளிக்கும் மூன்றாமவரையும் அச்சொல்லைக் கொண்டே அழைத்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபின், 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் 'ஜோடியில்லாதது' என்பது 'வழக்கத்துக்கு மாறானது' ஆயிற்று. வழக்கைத் தீர்த்துவைத்த மனிதரைப் பிற்காலத்தார் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியது எனக்குச் சற்று வருத்தம்தான். நம்மிடம் ஒற்றைப்படைக்கு மரியாதை குறையவில்லை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர்கள் குன்னூர்க் கடைகளிலும் தொங்குகின்றன.

எண்ணுக்குப் பின்னால் வரும்போது இச்சொல் நம்முடைய 'சொச்சம்' ஆகிவிடுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை 'முப்பத்துச் சொச்சம் வளைவுகள்' (thirty-odd bends) என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போட வேண்டும். கோடு விடுபட்டால் அவை 'முப்பது விசித்திரமான வளைவுகள்' ஆகிவிடும். அந்த இறக்கத்தில் வண்டி ஓட்டியவர்கள் இரண்டாவது பொருளையும் மறுக்கமாட்டார்கள்.

பன்மையில் 'ஆட்ஸ்' (odds) என்று வந்தால் பொருள் பந்தயத்துக்குத் தாவும். 2024இல் அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளும்வரை ஊட்டி மைதானத்தில் கோடைதோறும் குதிரைகள் ஓடின. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் நூறு ரூபாய் கட்டிய குதிரை ஜெயித்தால், கட்டிய பணத்தோடு ஐந்நூறு கிடைக்கும். ஜெயிக்காது என்று பலரும் நினைக்கும் குதிரைக்குத்தான் அந்த விகிதம் உயரும். சில்லறை வேலைகளுக்கும், ஜோடி தொலைந்த காலுறைக்கும், இருவருக்கிடையிலான மனத்தாங்கலுக்கும் இதே சொல்தான்.

பள்ளி வினாத்தாளில் வரும் 'பொருந்தாததை எடுத்தெழுதுக' என்பதும் ஆங்கிலத்தில் (odd one out) இதன் பிள்ளையே. யானை, காட்டெருமை, சிறுத்தை, வரையாடு என்று கொடுத்தால், ஊன் உண்பதால் சிறுத்தை என்பது ஆசிரியர் எதிர்பார்க்கும் விடை. மற்ற மூன்றும் ஊருக்குள் வருகின்றன, முக்கூர்த்தி புல்வெளியில் வாழும் வரையாடு மட்டும் வருவதில்லை என்று ஒரு மலைநாட்டுப் பிள்ளை எழுதினால், நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.