மவுத் ஆர்கனுக்கு வால்வு ஒட்டிய அனுபவம்

என் பத்துத் துளை டயட்டானிக் (ஒரே ஸ்கேலின் சுரங்களுக்கு அமைந்த) மவுத் ஆர்கனில் நெடுநாளாக ஒரு குறை. ஐந்தாம், ஆறாம் துளைகளில் மூச்சை இழுத்தால் சுரம் திரண்டு வரும். அதே துளைகளில் ஊதினால் மெலிந்து, காற்றோசை கலந்து வரும். உதட்டை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

பழுது என் வாயில் இல்லை. ஒவ்வொரு துளைக்கும் இரண்டு ரீடுகள், அதாவது தன் பிளவின் மேல் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள்: ஒன்று ஊத, ஒன்று இழுக்க. ஊதும்போது இழுப்பு ரீடின் பிளவு வழியாகவும் காற்று கசிகிறது. அந்தக் கசிவை அடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மடல்தான் வால்வு. பெரும்பாலான குரோமாட்டிக் (எல்லா அரைச் சுரங்களும் உள்ள) மவுத் ஆர்கன்களில் இது உண்டு. டயட்டானிக்கில் இருபது பிளவுகளில் பத்துக்கு மட்டும் ஒட்டுவார்கள்.

எந்தப் பத்து என்பதில்தான் நான் முதலில் தவறினேன். ஒன்று முதல் ஆறு வரை ஊது ரீடுகளின் பிளவுகளை மூடிவிட்டேன். மூன்றாம் துளையில் இழுத்து, பி சுரத்தை ஏ ஃபிளாட் வரை வளைக்க, அதாவது மூச்சாலேயே கீழே இறக்கப் பார்த்தேன், இறங்கவே இல்லை. அந்த வளைவுக்கு ஊது ரீடும் சேர்ந்து அதிர வேண்டும். இழுக்கும்போது அதன் வழியை நானே அடைத்திருந்தேன். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒட்டிய ஆறையும் பிய்த்தெடுத்தபோது மனம் வெகுவாகச் சோர்ந்தது.

சரியான இடம் இதற்கு நேரெதிர். ஒன்று முதல் ஆறு வரை இழுப்புப் பிளவுகள், ஏழு முதல் பத்து வரை ஊது பிளவுகள். வால்வு எப்போதும் ரீடு இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கத்தில் உட்காரும். அதனால் முதல் ஆறும் காற்றறைக்குள்ளே வரும்; மற்ற நான்கும் மேல் மூடிக்கு அடியில், வெளிப்பக்கம்.

குரோமாட்டிக்குக்கான இரட்டை அடுக்கு வால்வுகளை வாங்கி, பிளவைவிட ஒரு மயிரிழை அகலமாக, நுனியையும் மூடும் நீளத்துக்குப் புது பிளேடால் நறுக்கினேன். ரீடின் ஆணி இருக்கும் முனையில் மட்டும், ஊசி முனையில் தொட்ட அளவு பசை. அதற்கு மேல் வைத்தால் பசை பிளவுக்குள் ஊர்ந்து ரீடையே ஊமையாக்கிவிடும். உள்ளே ஒட்டும் ஆறும் பொறுமையைச் சோதிப்பவை. மூன்றாவது சற்றே கோணலாகி அறைச் சுவரில் உரசியது. ஊதினால் 'கர்ர்' என்றது. எடுத்து மறுபடி ஒட்டினேன்.

திருகுகளை முடுக்கி ஐந்தாம் துளையில் ஊதினேன். ஈ சுரம் உருண்டு திரண்டு வந்தது. அதே மூச்சில் அடித்தொண்டையைத் தளர்த்திச் சுரத்தைக் கீழே சரித்தேன். ஈ ஃபிளாட் கிடைத்தது! சி சுருதி மவுத் ஆர்கனில் சாதாரணமாக நடு ஸ்தாயியில் இல்லாத சுரம் அது. ஆறாம் துளையில் ஊதி ஜியைச் சரித்தால் எஃப் ஷார்ப், ஏழாம் துளையில் இழுத்துப் பியைச் சரித்தால் பி ஃபிளாட். பழைய வளைவுகளும் அப்படியே இருக்கின்றன. இது ஒற்றை ரீடின் வளைவு என்பதால் எளிதில் தள்ளாடும். சுருதியில் நிறுத்த எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. தொனிக்காகத் தொடங்கிய வேலையில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்தப் புதுச் சுரங்கள்தான்.

குளிர்ந்திருக்கும் மவுத் ஆர்கனில் ஊதினால் மூச்சின் ஈரம் படிந்து மடல் ரீடுகள் பொருத்திய தட்டோடு ஒட்டிக்கொள்ளும். விடுபடும்போது 'டப்' என்று கேட்கும். வாசிக்குமுன் உள்ளங்கையில் சிறிது நேரம் பொத்தி வைத்திருப்பேன். அப்படியும் ஒட்டினால் மெல்லிய காகிதத் துண்டை மடலுக்கடியில் நுழைத்து மெதுவாக உருவினால் போதும். ஓவர்ப்ளோ (ஊதியே இழுப்பு ரீடை ஒலிக்கவைத்து உயர்ந்த சுரம் பெறும் உத்தி) வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வால்வு போட்ட துளைகளில் அது வராது, ஏனெனில் ஓவர்ப்ளோவில் ஒலிக்க வேண்டிய ரீடின் வழியைத்தான் நாம் அடைக்கிறோம். அதற்காக வால்வு இல்லாத ஒன்றையும் நான் கைவசம் வைத்திருக்கிறேன்.