நான்கு பாஸ் ரிப்போர்ட்டும் ஒரு பிய்ந்த டிரெஸ்ஸிங்கும்

ராமநாதபுரம் கரையில், உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "மருந்து கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்று முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் பந்தியில் இலை காய்ந்துவிடும். இங்கே கொஞ்சம் விளக்கலாம். மருந்தும் மருத்துவக் கருவியும் தயாரிக்கிற சின்ன நிறுவனங்கள், தனியாக ஆள் போட்டுச் செய்ய வசதியில்லாத எழுத்து வேலையை வெளியே கொடுக்கும். அதை வாங்கிச் செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. முன்பு சென்னையில் வேலையை வெளியே கொடுக்கிற நாற்காலியில் இருந்தேன், இப்போது வாங்குகிற நாற்காலி. இரண்டிலும் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. எந்த வேலையையும் துண்டு துண்டாக வெளியே கொடுக்கலாம். துண்டும் துண்டும் சேருகிற இடத்தை மட்டும் கொடுக்கக் கூடாது.

ஆடிட்டிங், சம்பளப் பட்டியல், ஜிஎஸ்டி தாக்கல், கம்ப்யூட்டர் பராமரிப்பு இதெல்லாம் தாராளமாகப் போகட்டும். பத்துப் பேர் வேலை பார்க்கிற கம்பெனிக்கு பி.எஃப். கணக்குப் போடத் தனி ஆள் வேண்டாம். பொருளில் கிருமி நீக்கித் தருகிற காமா கதிர் ஆலையையும் யாரும் சொந்தமாகக் கட்டப் போவதில்லை. இதில் பெரிய ஞானம் ஒன்றும் தேவையில்லை. தலைவலி வருவது பொருளே இரண்டாக இருக்கும்போதுதான்.

இரண்டாக என்றால், மருந்தும் கருவியும் ஒன்றாகச் சேர்ந்த பொருள். மருந்து நிரப்பிய சிரிஞ்சு, இன்சுலின் பேனா, ஆஸ்துமா இன்ஹேலர், மருந்து பூசிய ஸ்டென்ட். அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கென்றே 2002இல் ஒரு தனி அலுவலகம் திறந்தது. அங்கே முதல் கேள்வி, முக்கியமான வேலையைச் செய்வது எது, மருந்தா கருவியா? ஸ்டென்ட்டில் ரத்தக் குழாயைத் திறந்து வைப்பது கம்பி, ஆகவே கருவிப் பிரிவு முன்னால் நிற்கும். நிரப்பிய சிரிஞ்சில் மருந்துப் பிரிவு. முன்னால் யார் நின்றாலும் இன்னொருவரின் விதியிலிருந்து தப்ப முடியாது. ஐரோப்பாவிலும் கதை இதேதான். கருவிக்குள் துணை வேலை செய்கிற மருந்து இருந்தால் மிக உயர்ந்த அபாய வகுப்பு, அதற்கு மேல் மருந்து அதிகாரிகளின் கருத்தும் வேண்டும். நம் ஊரில் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி அபாயம் குறைந்த ஏ, பி வகுப்புக் கருவி தயாரிக்க மாநிலத்தில் உரிமம், அபாயம் கூடிய சி, டி வகுப்புக்கு மத்திய அதிகாரியிடம்.

என்னிடம் வந்த பொருள், வெள்ளி சேர்த்த ஆல்ஜினேட் டிரெஸ்ஸிங். ஆறாத புண்ணுக்கு வைக்கிற பஞ்சு மாதிரியான கட்டு. ஆல்ஜினேட் கடல்பாசியிலிருந்து வருவது. பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, ஏனென்றால் எங்கள் கரையில் கட்டக்கோரைப் பாசி என்று பெண்கள் முங்கி எடுத்து வருவது அந்த வகைதான். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நீர் வற்றுகிற நாள் பார்த்துப் போவார்கள். "இதையா புண்ணுல வைக்கிறாங்க?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார். இல்லை மதினி, நம்முடையது பெரும்பாலும் துணிக்குச் சாயம் அச்சடிக்கிற மாதிரி வேலைகளுக்குப் போகிறது. புண்ணுக்கு வைப்பதற்கு நார்வே பக்கத்துக் குளிர்கடல் பாசியைத்தான் அதிகம் தேடுகிறார்கள் என்றேன். அவருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

அது வேலை செய்கிற விதம் அழகானது. நாரில் கால்சியம் இருக்கிறது. புண்ணிலிருந்து கசியும் நீரில் சோடியம் இருக்கிறது. இரண்டும் இடம் மாறினால் நார் ஊறி ஜெல் ஆகிவிடும். புண் ஈரம் காயாமல் இருக்கும், கட்டுப் பிரிக்கும்போது தோல் பிய்யாது. வெள்ளி கிருமியைப் பார்த்துக்கொள்ளும். கசிவை உறிஞ்சுவது கருவியின் வேலை, கிருமியைக் கொல்வது மருந்தின் வேலை. அந்தச் சிறிய கட்டுக்குள்ளேயே இரண்டு சட்டங்கள்.

எனக்குக் கொடுத்த வேலை, பயன்படுத்தும் முறை எழுதுவது. நர்ஸ் படிக்கிற அந்த மடித்த தாள். ஐந்தாவது வரி: 'டிரெஸ்ஸிங்கை ஃபோர்செப்ஸால் பிடித்து ஒரே துண்டாக எடுக்கவும்.' நான் செய்து பார்க்காத வரியை எழுதுவதில்லை. மாதிரி அனுப்பச் சொன்னேன். பக்கத்து ஊரான மண்டபத்தில் மருந்துக்கடையில் சலைன் பாட்டில் வாங்கி, எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஊறப் போட்டேன். ஃபோர்செப்ஸ் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் ஓரம் மட்டும் வருகிறது. மீதி தட்டிலேயே கஞ்சி மாதிரிக் கிடக்கிறது. வெறும் உப்புநீரான சலைனில் கால்சியம் இல்லை, அதனால் நிஜப் புண்ணைவிட வேகமாக இளகும், அது தெரியும். ஆகவே அதே பேட்ச்சில், கிருமி நீக்கும் காமா கதிருக்கு இன்னும் போகாத ஒரு துண்டையும் வரவழைத்துப் பக்கத்துத் தட்டில் போட்டேன். அது முழுதாக வந்தது.

தர மேலாளருக்குப் போன் போட்டேன்.

"சார், ஒரே துண்டாக எடுக்கவும் என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எடுக்க வரவில்லை."

"எப்படி மேடம்? நாலு ரிப்போர்ட்டும் பாஸ்."

பாஸ்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆல்ஜினேட் கொடுத்தவர் பிசுபிசுப்பு அளந்து பாஸ் போட்டார். நாரைக் கட்டாக மாற்றியவர் எடையும் உறிஞ்சும் அளவும் பார்த்தார். பவுச் கொடுத்தவர் ஒட்டின இடத்தின் பலத்தைப் பார்த்தார். கதிர் ஆலை 25 கிலோகிரே அளவு கதிர் போய்ச் சேர்ந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தது. காமா கதிர் ஆல்ஜினேட்டின் நீண்ட சங்கிலியை அறுக்கும் என்பது பாடப்புத்தகச் சமாசாரம். ஆனால் கதிர் பட்ட பிறகு ஈரத்தில் பலம் இருக்கிறதா என்று பார்ப்பது நால்வரில் யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. உறிஞ்சும் சோதனையை, நாரைக் கட்டாக மாற்றியவர் தன் ஆலையிலேயே, கதிருக்கு அனுப்பும் முன்பே முடித்துவிட்டார். ஒப்பந்தம் அப்படித்தான் சொல்லியிருந்தது. கேட்டதைச் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்தார்கள். ஒவ்வொருவரும் "எங்க சைடுல ஓகே" என்றார்கள். நடுவில் இங்கே கரண்ட் போய், நான் போனிலிருந்து மறுபடி நுழைந்தபோதும் அதே வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காமாவை விட்டுவிட்டு எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்குப் போகலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை, சங்கிலி அறாது. ஆனால் வாயு உள்ளே போய் வெளியே வர மூச்சு விடுகிற பவுச் வேண்டும். இவர்கள் வைத்திருந்ததோ அலுமினியம் ஃபாயில். அதை ஏன் வைத்தார்கள்? வெள்ளி ஆல்ஜினேட் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், ஈரமும் ஆகாது. ஆக, உள்ளே மூச்சு விடுகிற பவுச், வாயு வேலை முடிந்த பிறகு வெளியே ஃபாயில் என்று இரண்டு உறை. தங்கும் வாயு எவ்வளவு என்று புதிய சோதனை. வெள்ளி வெளியேறும் வேகத்தை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் அது மருந்துப் பக்கத்துக் கேள்வி. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்க்கிற நிலைப்புச் சோதனை மறுபடி முதல் நாளிலிருந்து. கிருமிநீக்கத்தில் ஒரு வரி மாறினால் பவுச், காலாவதித் தேதி, விலை எல்லாம் மாறுகிறது. இந்தச் சங்கிலி யார் தலையில் இருக்க வேண்டும்? வெண்டர் தலையில் இருக்காது. இருக்கவும் கூடாது, அவருக்கு அதற்குச் சம்பளம் இல்லை.

ஒப்பந்தம் எழுதும்போது நான் அடம்பிடிக்கிற இன்னொரு விஷயம், மாற்றம் செய்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற பிரிவு. பாசி எடுக்கிற கடல் மாறினாலே ஆல்ஜினேட்டின் குணம் மாறும், ஜெல் கெட்டியாகவோ தளர்வாகவோ வரும். சப்ளையர் அதைச் சின்ன விஷயமாக நினைப்பார். விலைப்பட்டியலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. இன்னொன்று, கோப்புகளின் மூலப் பிரதி யாரிடம் என்பது. வடிவமைப்பு ஆவணங்களை வெண்டர் தன் சாஃப்ட்வேரில் இலவசமாக வைத்துத் தருகிறேன் என்பார். தங்கச்சிமடத்தில் என் சித்தப்பா மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் இன்ஜின் வேலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். கடல் திறந்ததும் இறாலை அந்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். இலவச சாஃப்ட்வேர் அந்த முன்பணம்தான். பிரிந்து போகும் நாளில் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் கோப்பு கைக்கு வரும் என்று சேருகிற அன்றே எழுதிவிடுங்கள்.

புகார் எடுக்கிற கால் சென்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன் எடுப்பதை வெளியே கொடுக்கலாம், முடிவெடுப்பதைக் கொடுக்கக் கூடாது. 'கட்டு புண்ணில் ஒட்டிக்கொண்டது' என்று ஒரு நர்ஸ் சொன்னால், அந்தப் பக்கம் இருக்கிற பையன் 'வாடிக்கையாளர் அதிருப்தி' என்று டிக் போட்டு மூடிவிடுவான். ஆனால் அமெரிக்காவில் விற்கிற கூட்டுப் பொருளுக்கு இரண்டு கடிகாரம் ஓடலாம். கருவிக் கோளாறுக்கு 30 நாள், எதிர்பாராத கடுமையான மருந்து விளைவுக்கு 15 நாள். எந்தக் கடிகாரம் எப்போது தொடங்கியது என்று தெரிந்த ஒருவர் கம்பெனிக்குள் தினமும் அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

பணம் பற்றி, வாங்கும் பக்கத்து ஆளாக ஒரு வார்த்தை. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். யாரும் கண்டுகொள்ளவில்லை. தாமதித்தால் அந்தச் செலவை அந்த வருடம் வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த பிறகுதான், மார்ச் மாதம் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் அவர்களாகவே எனக்குப் போன் செய்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறார் என்று ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவருக்கும் நாலு மாதம் இழுத்தடித்தால், உங்கள் கோப்பு அவர் மேஜையில் அடியில்தான் போகும். நான் உட்பட.

அந்த டிரெஸ்ஸிங் கம்பெனி கடைசியில் ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தது. பொருளின் அபாயக் கோப்பும், நான்கு வெண்டர்களின் மாற்ற அறிவிப்புகளும், புகார்ப் பட்டியலும் அவர் பொறுப்பு. அதற்காக என் ஒப்பந்தத்திலிருந்து பாதி வேலையை வெட்டிவிட்டார்கள். என் பில் சுருங்கிப்போனது, ஆனால் அவர்கள் செய்தது சரி. பயன்படுத்தும் முறைத் தாள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. புதிய பவுச்சில் வந்த மாதிரியைத் தட்டில் போட்டுப் பார்த்த பிறகு ஐந்தாவது வரியை அப்படியே விட்டிருக்கிறேன். இந்தி மொழிபெயர்ப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.