‘ம்’ வரேக்க வாய் மூடவேணும்

தங்கச்சியின்ர வகுப்புப் பிள்ளையள் தாங்களே எழுதிப் பாடின பாட்டொண்டுக்கு இரணைமடுக் குளக்கட்டிலயும் பக்கத்து வயலுக்கையும் வீடியோ எடுத்தவை, எல்லாம் ஃபோனில. “எடிட் பண்ணித் தாங்கோ அக்கா” எண்டு வந்து நிண்டுதுகள். நான் ஃபோன் ஆப்பில பிறந்தநாள் வீடியோ வெட்டினதோட சரி. ஆனா அதுகள் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகும் நிண்டு பாடிப் பழகினதைப் பாத்தனான், ஏனோதானோ எண்டு செய்ய மனம் வரேல்ல, மச்சானின்ர லப்டொப்பை வாங்கி டாவின்சி ரிசோல்வ் எண்ட வீடியோ எடிட் பண்ணுற மென்பொருளை இறக்கினன், இலவச வேர்ஷனே எங்களுக்குத் தாராளம்.

கீபோர்டில பி அமத்தினா வெட்டுற பிளேட், ஏ அமத்தினா திரும்ப அம்புக்குறி, இந்த ரெண்டோடயே பாதி வேலை ஓடும். லப்டொப்பில 8 ஜிபி ரேம்தான், இழுத்து இழுத்து ஓடிச்சுது, பிறகு ப்ரொக்சி எண்டு சின்னப் பிரதி எடுத்து அதில வெட்டினன்.

பிரச்சினை வாயில வந்தது. பாடுற பிள்ளையின்ர வாய் தொடக்கத்தில பதிஞ்சு வச்ச பாட்டோட சரியா நிக்கும், ஒரு நிமிசம் போகப் பிந்தும். எனக்கு ரெண்டு நாள் விளங்கவே இல்லை. ஃபோன் செக்கனுக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம், எண்டு சொன்னாலும் வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டிக் குறைச்சுத்தான் எடுக்குமாம், அதால போகப்போக விலகுது. எல்லாக் கிளிப்பையும் ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்துற மென்பொருளில போட்டு மாறாத 30க்கு மாத்தினன். அதோட ரிசோல்வில ப்ராஜெக்ட் 24 ஃப்ரேமில கிடந்தது, வீடியோவை உள்ள எடுத்தாப்பிறகு அதை மாத்தேலாது, அதால முழுக்கப் புதுசாத் தொடங்கினன். வெட்டினதெல்லாம் போச்சு, அழுகை வந்தது உண்மைதான்.

சத்தத்தை வச்சுத் தானாப் பொருத்துற வசதி ஒண்டிருக்கு. வயலில எடுத்ததுக்கு நல்லா வேலை செய்தது, ஸ்பீக்கரில பாட்டை விட்டுத்தானே எடுத்தவை. குளக்கட்டில சோளகக் காத்து, கிளிப் முழுக்க உர் எண்ட இரைச்சல், பாட்டு அதுக்குள்ள அமந்து போச்சு. அதுகளைக் கையாலதான் பொருத்தினன். ப, ம ரெண்டும் இதழ் சேர்ந்து பிறக்கிற எழுத்து எண்டு தமிழ்ப் பாடத்தில படிச்சது ஞாபகம் வந்தது. பாட்டில ‘அம்மா’ எண்டொரு இடம், அந்த ‘ம்’ கேக்கிற ஃப்ரேமில சொண்டு ரெண்டும் ஒட்டியிருக்கவேணும், ஒட்டேல்லையெண்டா ஒரு ஃப்ரேம் தள்ளு, திரும்பப் போட்டுப் பார். ஒரு ஃப்ரேம் எண்டுறது செக்கனில 30இல ஒண்டுதான், ஆனா மூண்டு நாலு விலகினாலே ஆரோ பின்னால நிண்டு பாடுற மாதிரி இருக்கும்.

நேற்றுப் பின்னேரம் பிள்ளையள் வந்து பாத்தவை. அடுத்த பாட்டு முத்தையன்கட்டிலயாம். ஸ்பீக்கரை ஃபோனுக்குக் கிட்ட வையுங்கோ எண்டு சொல்லிவிட்டிருக்கிறன். சனிக்கிழமை நானும் போறன்.