விழுந்து விழுந்து எழுந்த பாட்

செங்கோட்டையில் சாரல் பிடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். அப்படியொரு வாரத்தில்தான் 8 ஜிபி லேப்டாப்பில் மினிக்யூப் (ஒற்றைக் கம்ப்யூட்டரில் குபர்னெடிஸ் பழக உதவும் சாஃப்ட்வேர்) போட்டு குபர்னெடிஸ் கற்க உட்கார்ந்தேன். 2014-ல் கூகுள் வெளியிட்டது. கிரேக்கத்தில் சுக்கான் பிடிப்பவர் என்று அர்த்தமாம்.

ஒரு ஆப்பை அதற்கு வேண்டியதோடு சேர்த்து கன்டெய்னர் என்ற பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் ஏற்கெனவே தெரியும். புளியரை தாண்டி கேரளாவுக்கு ஒரு காய்கறி லாரி போக டிரைவர் போதும்; இருபது லாரி என்றால் புக்கிங் ஆபீஸ் வேண்டும். நிறைய கன்டெய்னர்களுக்கு அந்த ஆபீஸ்தான் குபர்னெடிஸ்.

எதை, எத்தனை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் டெப்ளாய்மென்ட் ஃபைலில் ரெப்ளிகா (நகல்) 3 என்று எழுதினேன். மூன்று பாட் (கன்டெய்னர் ஓடும் சின்னக் கூடு) எழுந்தன. வேண்டுமென்றே ஒன்றை அழித்தேன். சில விநாடிகளில் வேறு பெயரில் புதிதாக ஒன்று வந்து நின்றது. சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, "யார்கிட்டல பேசுத?" என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து.

அப்புறம் வந்தது வினை: கிராஷ்லூப்பேக்ஆஃப், அதாவது ஆப் விழ விழ, குபர்னெடிஸ் காத்திருந்து மறுபடி மறுபடி எழுப்பும் நிலை. 10 விநாடி, 20, 40 என்று இடைவெளி விட்டு விழுந்து விழுந்து எழுந்தது. டெப்ளாய்மென்ட் ஃபைல் யாமல் என்ற வடிவம்; ஸ்பேஸ் பிசகினாலே தப்பாகும் என்று இரண்டு நாள் அதில் ஸ்பேஸ் எண்ணினேன். கடைசியில் பாட் பற்றிய விவரம் காட்டும் டிஸ்க்ரைப் கமாண்ட் கொடுத்தால், எக்ஸிட் கோட் 137. மெமரி போதாமல் கொல்லப்பட்டிருக்கிறது. மெமரி லிமிட்டை 64 எம்பி என்று வைத்தது நான்தான். அதுவும் மெமரி நிறையத் தின்னும் ஜாவா ஆப்புக்கு! 512 ஆக்கியதும் அடங்கியது.