இ.எஸ்.ஐ லீவுப் பணம் வாங்கிய அனுபவம்

சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று ஒரு சிறு தொகை பிடிப்பார்கள். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நம் பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டும். எங்கள் ஆலையில் பாதிப் பேர் அதை மருந்து மாத்திரைக்கான பிடித்தம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு தொகையும் அதிலிருந்து வரும். 2023 பிப்ரவரியில் எனக்கு டைபாய்டு வந்தபோது அதை வாங்கினேன். எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில், ஸ்டோர்ஸில் வேலை. எங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தனியாக லீவு கிடையாது. 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் என்று சேரும் இ.எல். (ஈட்டிய விடுப்பு) மட்டும் உண்டு. அதை 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். என் கணக்கில் அதுவும் இல்லை. முந்தைய வருடம் ஏப்ரலில் அம்மாவுக்கு ஆபரேஷன். இருந்த இ.எல். எல்லாம் அப்போதே தீர்ந்து, அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் சம்பளமில்லாத விடுப்பு.

காய்ச்சல் ஒரு சனிக்கிழமை இரவு ஏறியது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டி ரத்தம் எடுத்தோம். ஞாயிறு போய், திங்கள் காலை எங்கள் பகுதி இ.எஸ்.ஐ டிஸ்பென்சரிக்கு ரிப்போர்ட்டோடு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போகக் கூடாதும்மா" என்று முதல் சர்டிபிகேட் எழுதினார். அவர் பார்த்த அன்றைய தேதியிலிருந்துதான் அது கணக்கு. தனியார் டாக்டர் தரும் சான்றை மாற்று ஆதாரமாகக் கொடுக்கலாம், ஆனால் ஏற்பதா இல்லையா என்பது அவர்கள் முடிவு. வெளியில் வைத்தியம் பார்த்தாலும் சீக்கிரம் ஒருமுறை டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது போய், இன்னும் குணமாகவில்லை என்று இடைச் சான்று வாங்க வேண்டும். நிற்கக்கூட முடியாத நிலையில் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பது கொடுமைதான். ஆனால் சான்றுகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால் அந்த நாட்களுக்கான பணத்துக்குச் சிக்கல் வரும். தங்கை ஆட்டோ வைத்து அழைத்துப் போனாள்.

எனக்கு உண்மையில் பயம் வந்தது வேறொரு இடத்தில். யூனியனில் இருக்கும் அக்கா ஒருவர் பார்க்க வந்தவர், "உனக்கு 78 நாள் இருக்கா, பாத்தியா?" என்று கேட்டார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். இ.எஸ்.ஐ வருடத்தை இரண்டு பங்களிப்புக் காலமாகப் பிரித்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று, அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை இன்னொன்று. முதல் காலத்தில் நாம் கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. இரண்டாவது காலத்துக்கு ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை. அதாவது இன்று உடம்பு சரியில்லை என்றால் போன மாதம் என்ன கட்டினோம் என்று பார்க்க மாட்டார்கள். நான் படுத்தது பிப்ரவரி 2023, எனவே அவர்கள் பார்க்கப்போவது 2022 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு போயிருக்க வேண்டும்.

அம்மாவுக்காக அடிக்கடி விடுப்பு எடுத்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்கள் சரியாக அந்தக் காலத்துக்குள் வருகின்றன. சம்பளம் இல்லாத நாளுக்குப் பங்களிப்பும் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பு என் காய்ச்சலுக்கு வந்து குறுக்கே நிற்கும் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

அன்று இரவே படுத்தபடி போனில் இ.எஸ்.ஐ தளத்துக்குள் போனேன். ஐ.பி. நம்பரை, அதாவது இ.எஸ்.ஐ-யில் நமக்குத் தரும் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனால் மாதவாரியாக எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று வரும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நாட்கள் குறைவாகத்தான் இருந்தன, அது எதிர்பார்த்ததுதான். செப்டம்பரில் நான் ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தேன், ஆனால் அங்கேயும் நாட்கள் பாதியாகப் பதிவாகியிருந்தன. கூட்டினால் 78-க்குக் கொஞ்சம் கீழே.

ஹெச்.ஆர். மேடத்துக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் ஆறு மாசத்துக்கு முன்னாடிது, இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். யூனியன் அக்காவிடம் சொன்னேன். அவர் செப்டம்பர் சம்பளச் சீட்டை எடுத்துவைக்கச் சொன்னார். சீட்டில் முழு மாதச் சம்பளமும் அதற்கான இ.எஸ்.ஐ பிடித்தமும் அச்சாகியிருந்தன. எங்களிடம் முழுதாகப் பிடித்துவிட்டு அங்கே பாதி நாளைக் காட்டியிருக்கிறார்கள். இது தவறுதலாக நடந்ததா, வேண்டுமென்றே நடந்ததா என்பது எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்த நாட்கள் நான் உழைத்த நாட்கள். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

காய்ச்சல் இறங்கிய ஒரு நாளில் சீட்டையும் சர்டிபிகேட்டுகளையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். முதலாளி கட்டாமல் விட்டாலோ குறைத்துக் கட்டினாலோ அதற்காகத் தொழிலாளியின் உரிமை போகாது, வசூலிப்பது எங்கள் வேலை என்றார். சம்பளச் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அதன் நகல் ஒன்று கம்பெனிக்கும் போனது. கடிதம் போனதும், முடியவே முடியாது என்று சொல்லப்பட்ட திருத்தம் முடிந்தது. செப்டம்பர் நாட்கள் சரியாகி, 78-ஐத் தாண்டினேன்.

இதற்கிடையில் சூப்பர்வைசரிடமிருந்து போன். எப்போது வருகிறாய், இல்லையென்றால் வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார். அப்போதிருந்த இ.எஸ்.ஐ சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி (இந்த லீவுப் பணம்தான்) வாங்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று தெளிவாகச் சொன்னது. இதை யூனியன் அக்கா ஆபீசில் போய்ச் சொன்ன பிறகு போன் வரவில்லை.

பணம் எவ்வளவு வரும்? சராசரி நாள் கூலியில் 70 சதவீதம். 500 ரூபாய் கூலி என்றால் 350. வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். ஒவ்வொரு முறை படுக்கும்போதும் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. இ.எல். மிச்சம் இருப்பவர்கள் அந்த இரண்டு நாளை அதில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளுக்குக் கம்பெனிச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ பணத்தையும் சேர்த்து வாங்க முடியாது. நான் அந்த நாட்களில் வேலைக்கு வரவில்லை, சம்பளமும் பெறவில்லை என்று கம்பெனியிடம் கிளை அலுவலகம் உறுதி கேட்கும். எங்கள் ஆபீசில் அந்தத் தாள் சில நாள் மேஜையிலேயே கிடந்தது. தங்கை நேரில் போய் நின்று வாங்கி வந்தாள்.

குணமாகிவிட்டது என்று கடைசிச் சான்று வாங்கி வேலையில் சேர்ந்தேன். பத்து நாள் கூட ஆகியிருக்காது, திரும்பக் காய்ச்சல். டைபாய்டு சிலருக்கு அப்படித் திரும்ப வரும் என்று டாக்டர் சொன்னார். மறுபடி முதல் சான்று. இந்த முறை ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன்: முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மீண்டும் படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு கிடையாது. முதல் நாளிலிருந்தே பணம் உண்டு.

இரண்டு தடவைக்கான தொகையும் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. முழுச் சம்பளம் ஆகாதுதான். ஆனால் அந்த மாத வாடகையைக் கடன் வாங்காமல் கொடுத்தேன். யாரும் தயவாகக் கொடுத்த பணம் இல்லை அது. போன வருட வெயிலில் ஸ்டோர்ஸில் பெட்டி எண்ணிய நாட்களிலிருந்து சேர்ந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று. வைத்தியம் ஆரம்பத்திலிருந்தே கிடைக்கும், ஆனால் லீவுப் பணத்துக்கு, சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் முதல் சம்பளம் வாங்கியதுமே ஐ.பி. நம்பரைக் கேட்டு வாங்கி, தளத்தில் உங்கள் வங்கிக் கணக்கும் குடும்ப விவரமும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஒவ்வொரு மாதப் பங்களிப்பையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் உள்ளே போய் நாட்களைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. குறை இருந்தால் அந்த மாதமே கேட்பது எளிது. சம்பளச் சீட்டைத் தராத கம்பெனியில் இருந்தால் எழுதிக் கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெயிண்ட் ஷாப் பெண்கள் நாலைந்து பேர் என்னிடம் போனை நீட்டினார்கள். ஒருவருக்கு டி.பி. சிகிச்சை நடக்கிறது, 91 நாள் முடியப்போகிறது, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார். டி.பி. போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதக் கூலியோடு இரண்டு வருடம் வரை நீட்டிப்பு உண்டு. அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும், கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாளும் வேண்டும். அவருடைய போனிலேயே மாதம் மாதமாகக் கூட்டினோம், 156-ஐ நன்றாகவே தாண்டியிருந்தது. மறுநாள் நானும் அவரும் அரை நாள் பர்மிஷன் போட்டுக் கிளை அலுவலகத்துக்குப் போனோம்.