பிறப்பதற்கு முன் தங்கியிருந்த ஊர்

தாய்லாந்துக்கு வரும் நம்மவர்கள் பாங்காக், பட்டாயா, புக்கெட் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். வடக்கே வருகிறவர்களும் பெரும்பாலும் சியாங் மாயோடு சரி. அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில், வாங் ஆற்றங்கரையில் இருக்கிற லம்பாங்கில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். தாய்லாந்தில் இன்னும் குதிரை வண்டி ஓடுகிற ஊர் என்று இதைச் சொல்வார்கள். மாலையில் கடைவீதிக்குப் போனால் பூ வைத்த தொப்பிகளோடு குதிரைகள் எதிரே வரும்.

நாங்கள் இங்கே வந்ததற்குக் காரணம் பீங்கான். எனக்குச் சொந்த ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிலையமும் உள்ள ஊர். என் கணவர் அந்தத் தொழிலைப் படித்தவர். லம்பாங்கைச் சுற்றிப் பீங்கான் தொழிற்சாலைகள் நிறைய. அவற்றில் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. குடும்பத்தோடு வந்துவிட்டோம்.

வந்த புதிதில் எனக்கு மொழி தெரியாது, வண்டி ஓட்டத் தெரியாது, பகல் முழுக்க வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். அவரை இங்குள்ள வழக்கப்படி 'பா' என்று கூப்பிடுவேன், பெரியம்மா என்பது போல. ஒரு நாள் கைபேசியில் மொழிபெயர்ப்பைத் தட்டி என் முன்னால் நீட்டினார். "எந்த வருடம் பிறந்தாய்?" 1985 என்றேன். விரல்விட்டு எண்ணிவிட்டு, "மாட்டு வருடம்!" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். அப்புறம் தெற்குப் பக்கம் கைகாட்டி, உன் ஸ்தூபி இங்கேதான் இருக்கிறது, கோ கா என்ற ஊர்ப் பக்கத்தில், என்றார்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. இங்கே வருடங்களுக்கு விலங்குகளின் பெயர், பன்னிரண்டு விலங்குகள் மாறி மாறி வரும். வடக்கை ஆண்ட பழைய லான்னா அரசின் வழக்கப்படி அந்தப் பன்னிரண்டு வருடங்களுக்கும் வருடத்துக்கொரு ஸ்தூபி உண்டு. ஓர் உயிர் தாயின் வயிற்றுக்குள் போவதற்கு முன் தன் வருடத்துக்குரிய ஸ்தூபியில் தங்கியிருக்கும் என்பது நம்பிக்கை. ஆயுளில் ஒரு முறையாவது அங்கே போய்க் கும்பிட வேண்டும். மாட்டு வருடத்துக்கு உரியது லம்பாங்கின் 'வாட் ப்ரா தாட் லம்பாங் லுவாங்'. அவர்கள் கணக்குப்படி, விருத்தாசலத்தில் பிறப்பதற்கு முன்னால் நான் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். வேற்றூரில் கால் வைத்த ஒருத்திக்கு இதைவிட நல்ல வரவேற்பு இருக்குமா என்று தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பா எங்களை அங்கே கூட்டிப்போனார்.

நகரத்திலிருந்து 18 கிலோமீட்டர். மேட்டின் மேல் கோட்டை மாதிரி மதில் சூழ்ந்த கோயில். நாகங்கள் இருபுறமும் இறங்கிவரும் படிகளில் ஏறி வாசலைத் தாண்டினால் பெரிய மண்டபம். சுவர் கிடையாது, நான்கு பக்கமும் திறந்திருக்கும். தேக்குத் தூண்கள், மேலே அடுக்கடுக்காகத் தாழ்ந்து வரும் ஓட்டுக்கூரை. 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். தாய்லாந்தில் இன்றைக்கும் நிற்கும் மரக் கட்டடங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். சித்திரை வெயிலிலும் அதன் தரை குளிர்ந்திருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால், உலோகத் தகடு போர்த்திய ஸ்தூபி 45 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தகடுகள் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறிக் கிடக்கின்றன. பா என் கையில் பூவும் ஊதுபத்தியும் கொடுத்து, இடமிருந்து வலமாகச் சுற்றச் சொன்னார். அது நமக்குத் தெரிந்த பிரதட்சிணம்தானே. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்தூபியைச் சுற்றியுள்ள உலோக வேலியில் ஒரு துப்பாக்கிக் குண்டு ஓட்டை இருக்கிறது. பர்மியர் ஆதிக்கம் லான்னா முழுக்க இருந்த காலம். 1732இல் பக்கத்து ஊரான லம்பூனின் படை இந்தக் கோயிலுக்குள் முகாமிட்டிருந்தது. திப் சாங் என்ற உள்ளூர் வீரர் வடிகால் வழியாக உள்ளே புகுந்து அதன் தலைவனைச் சுட்டார் என்பது வரலாறு. பிற்பாடு அவர் லம்பாங்கை ஆண்டார். அவருடைய பேரன் காவிலா சியாம் மன்னர் தக்சினோடு சேர்ந்து சியாங் மாயிலிருந்து பர்மியரை விரட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொரு அதிசயமும் உண்டு. புத்தரின் பாதச் சுவடு வைத்திருக்கும் ஒரு சிறு கட்டடத்தில் கதவைச் சாத்தி இருட்டாக்கினால், கதவிலுள்ள துளை வழியாக வரும் வெளிச்சம் வெளியே நிற்கும் ஸ்தூபியைத் தலைகீழாக, நிறத்தோடு, உள்ளே விரித்த வெள்ளைத் துணியில் காட்டும். அதற்குள் பெண்களுக்கு அனுமதியில்லை. கணவர் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் 'விஹான் ப்ரா புட்' என்ற மண்டபத்திலும் இதே போலத் தலைகீழ் நிழல் விழுகிறது, அங்கே பெண்களும் போகலாம் என்று பா கூட்டிப்போனார். இருட்டுக்குக் கண் பழகியதும் ஸ்தூபியின் நுனி கீழே பார்த்தபடி தெளிந்து வந்தது. பா என் தோளைத் தட்டி, பார்த்தாயா, என்றார்.

ஆனால் அந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்தது மதிலுக்கு வெளியே இருக்கும் அரசமரம். கிளைகள் நான்கு பக்கமும் பரந்திருக்கின்றன. அவற்றைத் தாங்க நூற்றுக்கணக்கான மரக்கவைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆலமரம் விழுது இறக்கியது போலவே இருக்கும். ஒவ்வொரு கவையும் யாரோ ஒரு குடும்பம் புண்ணியத்துக்காகக் கொண்டுவந்து சார்த்தியது. சிலவற்றில் பெயர் எழுதியிருக்கிறது, சிலவற்றில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. புத்தாண்டு சமயத்தில் புதிய கவைகள் சேரும், பழையது உளுத்து விழும். எங்கள் மகள் பள்ளியில் சேர்ந்த வருடம் நாங்களும் ஒன்று சார்த்தினோம்.

லம்பாங்கில் எல்லாமே இப்படித்தான், இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. கண்காட்சிக்கென்று எதையும் எடுத்துவைக்கவில்லை. ஊரார் எப்போது போகிறார்களோ அப்போது நாமும் கூடப் போனால் ஊர் நமக்குத் திறக்கிறது.

சேவலை எடுத்துக்கொள்ளுங்கள். மாகாணச் சின்னமே வெள்ளைச் சேவல். ஊரின் பழைய பெயர் குக்குட நகரம். புத்தர் இங்கே வந்தபோது மக்கள் தூங்கிவிட்டால் அவருக்கு அன்னமிட ஆளிருக்காதே என்று இந்திரன் வெள்ளைச் சேவலாக வந்து கூவி எழுப்பினானாம். அகலிகை கதையில் நடுச்சாமத்தில் கூவிக் கௌதமரை ஏமாற்றிய அதே இந்திரன். அவன் இங்கே நல்ல காரியத்துக்குக் கூவியிருக்கிறான் என்று கேட்டபோது எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தாய்லாந்து முழுக்க நூடுல்ஸ் கடைகளில் பார்க்கிற, சேவல் படம் வரைந்த கிண்ணத்துக்கும் லம்பாங்தான் ஊர். ஆனால் அந்தச் சேவல் சீனாவிலிருந்து வந்தது. தென்சீனாவின் குவாங்டோங்கிலிருந்து குடிபெயர்ந்த ஹக்கா என்ற சீன இனக் குயவர்கள் 1950களில் இந்த மாகாணத்துச் சே ஹோம் மலைப்பகுதியில் வெள்ளைக் களிமண் இருப்பதைக் கண்டுபிடித்து, இங்கேயே சூளை போட்டார்கள். புலம்பெயர்ந்து வந்தவர்கள் செய்த பொருள் இன்று ஊரின் அடையாளம். 'தனபதி' என்ற பீங்கான் அருங்காட்சியகத்தில் சரிவில் நீளமாகக் கட்டிய பழைய விறகுச் சூளை இருக்கிறது. அதை டிராகன் சூளை என்பார்கள். என் கணவர் அதன் உள்ளே குனிந்து செங்கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே வர மறுத்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றது வரைகிற பெண்களை. கிண்ணம் ஒரு சிறு சுழல்மேடையில் இருக்கும். இடது கை அதை நகர்த்த, வலது கையில் தூரிகை. முதலாமவர் சேவலின் சிவந்த உடலை மட்டும் போடுவார், ஒரு வளைவு, ஒரு கழுத்து. கிண்ணம் அடுத்தவரிடம் நகரும். அவர் கருப்பில் வால் இறகுகளை இழுப்பார். தூரிகையை அழுத்தித் தொடங்கி மெதுவாகத் தூக்கி முடிப்பதால் ஒவ்வொரு இறகும் நுனியில் மெலியும். அப்புறம் இன்னொருவர் ரோஜா நிறப் பூவும் பச்சை இலையும். ஒரு சேவலுக்குச் சில வினாடிகள்தான். பேசிக்கொண்டே, பாட்டுக் கேட்டுக்கொண்டே வரைகிறார்கள். இரண்டு கிண்ணங்களை அருகில் வைத்துப் பார்த்தால் சேவல்களின் முகம் ஒன்றுபோல இருப்பதில்லை. எங்கள் வீட்டில் ரசம் குடிப்பது இந்தக் கிண்ணத்தில்தான்.

பர்மியக் கோயில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது தேக்குமர வியாபார ஊர். ஆங்கிலேயக் கம்பெனிகளோடு பர்மியரும் ஷான் மக்களும் வந்தார்கள். வெட்டிய மரங்களில் குடியிருந்த ஆவிகள் சாந்தியடையட்டும் என்று அவர்கள் கோயில் கட்டினார்களாம். 'வாட் ஸ்ரீ ரோங் முவாங்' அவசியம் பார்க்க வேண்டும். உள்ளே தூண்கள் முழுக்க வண்ணக் கண்ணாடிச் சில்லுகள். மரம் மிதந்து வந்த ஆற்றங்கரையில்தான் காட் கோங் தா என்ற பழைய கடைத்தெரு. சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே சந்தை கூடும். 1916இல் ரயில் வந்ததும் வியாபாரம் நிலையத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ அந்தத் தெருவின் மரவேலை வீடுகள் இடிபடாமல் தப்பின. சந்தையில் 'காவ் தேன்' கேட்டு வாங்குங்கள். பசையரிசியைத் தர்பூசணிச் சாற்றில் பிசைந்து காயவைத்துப் பொரித்து, மேலே வெல்லப்பாகு ஊற்றியது. லம்பாங்கின் தின்பண்டம்.

சாப்பாடு எனக்குப் பெரிய பாடாகத்தான் இருந்தது. நான் சைவம். இங்கே எதிலும் மீன் சாறு விழும். சைவ உணவைக் குறிக்கும் 'ஜே' என்ற மஞ்சள் கொடி கட்டிய கடைகளைத் தேடிப் போகப் பழகினேன். ஆனால் காலைச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்த அன்று நான் அழாத குறை. இவர்கள் அதைப் பன்றி இறைச்சியோடு குழம்பு வைப்பார்கள். நான் சாம்பாரில் போட்டு பாவுக்குக் கொடுத்தனுப்பினேன். புளி, தேங்காய், மஞ்சள் எல்லாம் கிடைக்கிறது. பருப்புக்குத்தான் ஊரிலிருந்து வருகிறவர்களை எதிர்பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் சே சோன் தேசியப் பூங்காவுக்குப் போவோம். வடக்கே மலைக்குள் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பாறைகளுக்கு நடுவே வெந்நீர் ஊற்றுகள் 73 டிகிரியில் கொதித்துப் புகைவிடும். கொஞ்சம் தள்ளி ஆறு படிகளாக விழும் குளிர்ந்த அருவி. இரண்டு தண்ணீரும் கலக்கும் இடத்தில் உட்கார்ந்து குளிக்கலாம். மூங்கில் கூடையில் முட்டை வாங்கி ஊற்றில் 17 நிமிடம் வைப்பது இங்கே வழக்கம். மஞ்சள் கரு வெந்திருக்கும், வெள்ளை வழுவழுவென்று இருக்கும். வெள்ளை கட்டியாக இன்னும் கூடுதல் சூடு வேண்டும் என்பதால் இப்படி. நான் சாப்பிடமாட்டேன், மகளுக்கு அது இல்லாமல் பயணமே கிடையாது. பக்கத்து மலைக்கிராமத்தில் தேயிலையைப் புளிக்கவைத்து வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். மாசி வாக்கில் அங்கே மலைச்சரிவெல்லாம் வெள்ளை மந்தாரை பூக்கும்.

அதே சமயத்தில்தான் புகையும் தொடங்கும். காட்டுத்தீயும், அறுவடை முடிந்த வயல்களை எரிப்பதும் சேர்ந்து, மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் ஊரை மூடிவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பிள்ளைகளை வெளியே விடப் பயமாக இருக்கிறது. முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் இல்லாமல் முடியாது. இந்த ஊரை நேசிப்பவர்கள் எல்லாரும் இதற்காக வேதனைப்படுகிறோம்.

அதைத் துடைத்துக் கழுவுவது போல் வருவது சோங்க்ரான். ஏப்ரல் 13 தொடங்கும். நம் சித்திரை முதல் நாளும் இவர்களின் புத்தாண்டும் ஒரே சூரியக் கணக்கு. வெளியூர்க்காரர்கள் பார்ப்பது தெருவில் தண்ணீர் வாரியடிப்பதை. வீட்டுக்குள் நடப்பது வேறு. பா சீயக்காயை லேசாக வாட்டி, உடைத்து, வாசனைப் பூக்களோடு தண்ணீரில் போட்டு வைப்பார். ஆமாம், நம் சீயக்காயேதான். அந்தத் தண்ணீரைத்தான் புத்தர் சிலைமேல் தெளிப்பார்கள், பெரியவர்களின் கையில் ஊற்றி ஆசி வாங்குவார்கள். முதல் வருடம் அந்த வாசனை வந்ததும் எனக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நினைவு வந்துவிட்டது. பாவின் பிள்ளைகள் ஊற்றி முடித்ததும் என்னையும் கூப்பிட்டார். நான் ஊற்றினேன். அவர் நீண்ட நேரம் ஏதோ சொல்லி வாழ்த்தினார். பாதிதான் புரிந்தது, போதுமானதாக இருந்தது. அன்று எங்கள் வீட்டில் மாங்காய்ப் பச்சடி.

வடக்கைச் சுற்றிப் பார்ப்பதற்கும் எங்களுக்கு இந்த ஸ்தூபிக் கணக்கே வழிகாட்டி. கணவர் 1981, சேவல் வருடம். அவருக்குரியது லம்பூனில் இருக்கும் ஹரிபுஞ்சய ஸ்தூபி, அரை நாளில் போய்த் திரும்பினோம். அம்மா 1958, நாய் வருடம். அவருக்குரிய சூளாமணி ஸ்தூபி இந்திரலோகத்தில் இருக்கிறது. அதற்கு ஈடாகச் சியாங் மாயில் 'வாட் கேட்' கோயிலில் கும்பிட வேண்டும் என்று பா சொல்ல, அம்மா வந்திருந்தபோது கூட்டிப்போனோம். மகள் 2010, புலி வருடம். அவளுக்குப் பக்கத்து மாகாணமான ப்ரேயில் 'சோ ஹே' ஸ்தூபி. ப்ரேயில் கருநீலச் சாயம் தோய்த்த 'மோ ஹோம்' பருத்திச் சட்டைகளுக்குப் பேர்போன துங் ஹோங் என்ற ஊரும் இருக்கிறது. சாயத் தொட்டியில் கைவிட்டுப் பார்க்க விடுவார்களா என்று மகள் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மழை விட்டதும் நவம்பரில் போகிறோம். பாவும் வருகிறார்.