ரோபோட்டிக் சர்ஜரி கற்ற கதை: கன்சோலை விட முக்கியமான இடம் ஒன்று உண்டு

நாகர்கோவிலில் பல வருடங்களாக லேப்ராஸ்கோபி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்து வருகிறேன். ரோபோட்டிக் சர்ஜரியில் டாக்டர் கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேடையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி ரோபோவின் கைகளை இயக்குவார். அதன் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் டாக்டர் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை நாள் கோர்ஸ்?" நாள் கணக்கில் முடிகிற விஷயம் இல்லை இது. படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் நம்மைப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தது.

நான் போனதற்குக் காரணம் எளிது. எங்கள் பக்கத்தில் புராஸ்டேட் கேன்சர், மலக்குடல் கேன்சர் என்றாலே பலர் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறிவிடுவார்கள். இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஆழமாக, இடமே இல்லாத இடத்தில் தையல் போடும்போதுதான் ரோபோவின் மணிக்கட்டு போலத் திரும்பும் கருவி உண்மையிலேயே உதவுகிறது. டாவின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவுக்கு அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2022-ல் சென்னை ஓமந்தூராரில்தான் முதலில் தொடங்கினார்கள். இதைத் தெற்கே இருப்பவர்களும் கற்று வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் ஆன்லைன் பாடமும் தேர்வும். அது சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் சிமுலேட்டர், அதாவது திரையில் போலியாகச் செய்து பழகுவது. வளையத்தை எடுத்துக் கம்பியில் கோர்ப்பது, கேமராவை நகர்த்துவது, பஞ்சில் தையல் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வரும். எல்லோரும் நேரத்தைக் குறைக்கத்தான் பார்க்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு. கருவி எத்தனை முறை கண் பார்வைக்கு வெளியே போனது என்று அதே திரையில் ஒரு வரி இருக்கும். நிஜ வயிற்றுக்குள் பார்வைக்கு வெளியே போன கருவி குடலைத் தொட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. அந்த எண் பூஜ்யமாகும் வரை நேரத்தைப் பற்றி யோசிக்காதீர்கள்.

லேப்ராஸ்கோபி பழகியவர்களுக்குப் பெரிய சவால், தொடுஉணர்வு இல்லாமல் போவது. 2024-ல் வந்த புதிய மாடலில் விசையை ஓரளவு உணரும் வசதி இருக்கிறது. நான் பழகிய இயந்திரத்தில் இல்லை. தோவாளையில் பூக்கட்டும் பெண்களுக்கு நாரை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று விரலே சொல்லிவிடும். இங்கே விரல் ஒன்றும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். திசு வெளுக்கிறதா, நூல் விறைக்கிறதா, ஊசி போன இடத்தில் ஓரம் கிழியப் பார்க்கிறதா என்று பார்த்துப் பார்த்தே இழுவையைக் கணிக்கப் பழக வேண்டும். நோயாளி இல்லாமல் மாதிரிப் பொருளில் தைத்துப் பழகும் உலர் பயிற்சியில் மெல்லிய நூல் படக்கென்று அறுந்துபோகும். ஒரு கட்டத்தில் அறுவதற்கு முன்னாலேயே கை தானாக நின்றுவிடும். அந்த நாள் வரும் வரை அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம்.

எனக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது கன்சோல் அல்ல, நோயாளியின் பக்கத்தில் உதவியாளராக நின்ற நாட்கள்தான். பல சீனியர்கள் இதை ஜூனியர் வேலை என்று தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 8 மி.மீ. துளைகளை எங்கே, எவ்வளவு இடைவெளியில் போடுகிறோம் என்பதில்தான் பாதி ஆபரேஷன் இருக்கிறது. நெருங்கிப் போட்டால் ரோபோவின் கைகள் ஒன்றோடொன்று மோதும். ரோபோவின் கை நோயாளியின் தோளில் அழுந்துகிறதா என்பது கன்சோலில் தலையைப் புதைத்திருப்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

அவசரமாக ரோபோவைக் கழற்றும் ஒத்திகையும் அங்கேதான். திடீரென்று ரத்தக்கசிவு, வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளைப் பார்வையில் வைத்தே வெளியே எடுத்து, ரோபோவின் கைகளைக் கழற்றி, அவை பொருத்தப்பட்ட வண்டியை நகர்த்த வேண்டும். கருவி திசுவைக் கவ்வியபடி இயந்திரம் நின்றுபோனால், கருவியின் தாடையைக் கையால் திறக்க ஒரு சாவி இருக்கிறது. அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று தியேட்டரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் நர்ஸ் ஒவ்வொரு அடியையும் சத்தமாகச் சொல்வார்: "ரெண்டாம் கை வெளியே வந்தாச்சு சார், கேமரா மட்டும் உள்ளே இருக்கு." நானும் அதே மாதிரி பதில் சொல்வேன். சத்தமாகப் பேசும் இந்தப் பழக்கம் பயிற்சிக்கு வெளியேயும் கூடவே வந்தது.

கடைசியில் மேற்பார்வையில் செய்யும் ஆபரேஷன்கள். பித்தப்பையில் தொடங்கினோம். பக்கத்து கன்சோலில் இருந்த சீனியர் அதிகம் பேசவில்லை, "கிட்டப் போய்ப் பாருங்க டாக்டர்" என்பார், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியபின் தக்கலைப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்: "டாக்டரே, மிஷின்தான் கீறுமா? நீங்க கிட்ட நிப்பீங்கல்லா?" நியாயமான கேள்வி. 1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்கெடுத்த சாமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர் நெய்யூரில் பல வருடம் ஆபரேஷன் செய்த மாவட்டம் இது. யார் கை என்று பார்த்துத்தான் இங்கே கத்திக்குச் சம்மதிப்பார்கள். இயந்திரம் தானாக எதையும் கீறாது, என் கை அசைந்தால்தான் அது அசையும், நான் கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று சொன்னேன். நான் அதே அறையில் சில அடி தள்ளி உட்கார்ந்திருப்பேன், உங்கள் பக்கத்தில் இன்னொரு டாக்டர் நிற்பார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

பயிற்சி மையம் தேடுகிறவர்கள் கட்டணத்துக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். நோயாளியின் பக்கத்தில் எத்தனை கேஸ் நிற்க விடுவீர்கள்? என் முதல் கேஸ்களுக்கு மேற்பார்வையாளர் என் ஊருக்கு வருவாரா? அவசரமாகக் கழற்றும் ஒத்திகையில் என்னோடு என் நர்ஸ்களும் கலந்துகொள்ளலாமா? மூன்றாவதற்கு இல்லை என்றால் வேறு மையம் பாருங்கள்.